பெரியாயிக்குப் போன பன்னிரண்டு மாத்திரை

2025 மே 6, செவ்வாய்

காலை மாத்திரை போட்டேன். நர்ஸ் செல்வநாயகி மிஸ் பதுளை கிளினிக்கில் தந்த கலண்டரில் கோடு இழுத்தேன். கோடு அவருக்கு. இந்தக் கொப்பி எனக்கு. இரண்டாம் வகுப்போடு தேயிலை மலைக்கு வேலைக்குப் போனவன் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும்.

எச்.ஐ.வி என்று சொன்ன நாள் 2014 ஆகஸ்ட் 14, வியாழன், மழை. அன்றிலிருந்து ஒரு நாள் விடவில்லை. போன முறை மிஸ் சொன்னார்: "இளம் பெடியள்தான் மாத்திரையை விட்டிட்டுத் திரியிறாங்கள். உங்களை மாதிரி வயசான ஆக்கள் பிழை விடமாட்டினம் ஐயா." கொஸ்லந்த வரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மே 19, திங்கள்

போத்தல் லேசாக இருந்தது. எண்ணினேன். பன்னிரண்டு குறைவு.

மருமகள் விஜயலெட்சுமியைக் கேட்டேன். "நேத்து நீங்க பண்டாரவளை போயிருந்தப்ப பக்கத்து வீட்டுப் பெரியாயி அத்தை வந்துச்சு மாமா. பிரஷர் மாத்திரை முடிஞ்சிருச்சாம். கிளினிக்குக்கு இன்னும் பன்னெண்டு நாள் கெடக்காம். ஒங்க போத்தல்லருந்து எண்ணிக் குடுத்தேன். திருப்பிக் குடுத்துரும்."

தோட்டத்து லயத்து வீடுகளில் வழக்கம்தான். சீனி, தேயிலைத்தூள் மாதிரி பிரஷர் மாத்திரையும் பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றாகப் போகும். போத்தலில் இருப்பது பிரஷர் மாத்திரை என்று பதினோரு வருஷமாகச் சொல்லி வைத்தவன் நான்தானே.

மே 20

பெரியாயியிடம் போனேன். "அது வேற பவர். ஒனக்கு ஒத்துக்காது, குடு."

"ஒனக்கு மட்டும் என்ன, தொர பங்களா பிரஷரா அண்ணே? ரெண்டு போட்டதுக்கே தல லேசா இருக்கு." சிரித்தாள். நானும் சிரித்தேன். எதுக்குச் சிரிச்சேன்?

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது — 2008இல் கீழ் லயத்துப் புவனேந்திரனுக்கு இந்த நோய் என்று பேச்சு. செத்தபோது பாடை தூக்க நாலு பேர் சேரவில்லை. நானும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் இருந்தேன்.

மே 21

பெரியாயிக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று டவுன் பாமசியில் கேட்டேன். டொக்டர் துண்டு இல்லாமல் பிரஷர் மாத்திரை தரமாட்டார்களாம்.

மே 27

காலை ஆறேகால். பெரியாயி பைப்படியில் விழுந்துவிட்டாள். வலப்பக்கம் இழுத்துவிட்டது. பேச்சும் இல்லை. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"மாத்திரைய ஒழுங்காத்தானே போட்டுச்சு மாமா," என்று விஜயலெட்சுமி அழுதாள்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்றோடு போத்தல் முடிந்தது. கிளினிக் 27ஆம் தேதி. நாளைக்கே பதுளைக்குப் போகலாம், போனால் தருவார்கள். கால் எழும்பவில்லை. பெரியாயியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். விஜயலெட்சுமிதான் கஞ்சி ஊட்டுகிறாள். பாதி கடைவாயில் வழிகிறது.

எனக்கு எதுக்கு மாத்திரை?

ஜூன் 22

இன்றும் கோடு இல்லை.

ஜூன் 27, வெள்ளி

மிஸ் கலண்டரைப் பார்த்தார். வெறும் கட்டம் பன்னிரண்டு. ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். பிறகு, "என்ன ஐயா, மறந்திட்டியளோ?"

எழுபத்து நாலு பஞ்சத்தில் அம்மா பிட்டுத் தந்த ரொட்டி எத்தனை துண்டு என்று இப்போதும் சொல்வேன். புவனேந்திரன் பாடை என் வாசலைத் தாண்டிய நேரம் சொல்வேன். பெரியாயியின் குடம் எந்தப் பக்கம் உருண்டது என்று சொல்வேன்.

"ஆமாங்க மிஸ். மறந்துட்டேன்."

"வயசு போனால் அப்பிடித்தான்," என்று கார்டில் எழுதினார். தினம் ஞாபகப்படுத்த வீட்டில் யாரிடமாவது சொல்லி வைக்கச் சொன்னார். சரி என்றேன். புதுப் போத்தல் தந்தார்.

ஜூலை 2, புதன்

விஜயலெட்சுமி பெரியாயிக்கு ஆஸ்பத்திரியில் தந்த பிரஷர் மாத்திரை உறையோடு வந்தாள். பன்னிரண்டு எண்ணி என் போத்தலில் போட்டாள். "அத்தை இடது கையாலயே காட்டிக் காட்டிச் சொல்லுச்சு மாமா. ஒங்களுக்குத் திருப்பிக் குடுத்தாத்தான் மனசு ஆறுமாம்."

வாங்கிக்கொண்டேன்.