ஐயாவா, அப்பாவா?

மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்க உடம்பில் தெம்பு இருந்திருக்காது.

உன் கடிதத்தை லேபில் வேலைக்கு நடுவே பிரித்துத் தொலைத்தேன். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நிற்க, டோக்கன் கொடுக்காமல் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன், ஒரு பெரியவர் என்னம்மா உங்களுக்கே சுகர் எறங்கிப்போச்சா என்று கேட்டார். நீ வேலை பார்த்த ஏசி கடையை மூடிவிட்டார்கள், உன் பெண்டாட்டிக்கு இது ஏழாம் மாதம், எல்லாம் எனக்குத் தெரியும். குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக் வேலைக்கு விண்ணப்பம் போடுவதும் சரிதான். ஆனால் அந்தக் கிடங்கின் மேலாளர், உனக்கு நாலு வயதில் நம்மை விட்டுவிட்டுப் போன அதே ஆள் என்று தெரிந்தும், கடிதத்தின் தலையில் மதிப்பிற்குரிய ஐயா என்று போடுவதா அன்புள்ள அப்பா என்று போடுவதா என்று என்னையே கேட்கிறாயே, உனக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கிறதா? அக்காவிடம் படித்துக் காட்டினேன். ரெண்டும் வேணாம், டேய்னு ஆரம்பிக்கச் சொல்லு என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

வேலை கேட்டு வருகிற கடிதங்கள் இங்கே என் மேசைக்குத்தான் முதலில் வருகின்றன, அதனால் எனக்குத் தெரியாததா. ஒருத்தன் மதிப்பிற்குரிய ஆய்வகமே என்று கட்டடத்தைக் கூப்பிட்டு எழுதியிருந்தான். இன்னொருத்தி வேறொரு லேபின் மேலாளர் பேரை அழிக்காமல் அப்படியே அனுப்பியிருந்தாள். எங்கள் டாக்டரம்மாவுக்கு ஐயா என்று வந்தால் அந்தக் கடிதத்தை மேற்கொண்டு படிக்கவே மாட்டார். எல்லோரையும் பார்த்துச் சிரித்திருக்கிறேன், ஆனால் உன் அளவுக்கு ஒருத்தரும் புத்தி கெட்டு எழுதியதில்லை.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கிடங்குக்கு நானே போன் போட்டேன். பதறாதே, உன் பேரைச் சொல்லவில்லை. வேலைக்கு எழுதினால் யார் படிப்பார்கள் என்று மட்டும் கேட்டேன். எடுத்த பெண் நல்ல மாதிரி, எல்லா லெட்டரையும் மொதல்ல நான்தான் பிரிப்பேம்மா, அப்புறம் அக்கவுண்டன்ட் பார்ப்பார், அதுக்கப்புறம்தான் மேனேஜர் சார்கிட்ட போகும் என்றாள். அதோடு வைத்திருக்கலாம். சாருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். ஒரே ஒரு பொண்ணும்மா, ஸ்கூல்ல படிக்குது, போட்டோ சார் டேபிள்லயே இருக்கு என்றாள். ஒரே ஒரு பெண்ணாம். நீயும் உன் அக்காவும் எந்தக் கணக்கிலும் இல்லை. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை, டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அந்த நிமிஷமே உனக்கு எழுதத் துடித்தேன், அன்புள்ள அப்பா என்று கொட்டை எழுத்தில் போடு என்று. போன் எடுத்த அந்தப் பெண் படிக்கட்டும், அக்கவுண்டன்ட் படிக்கட்டும், டீ கொண்டு வருகிறவர் வரைக்கும் ஊர்வலம் போகட்டும். அந்த ஆளின் முகம் போகிற போக்கை நினைத்து நினைத்துச் சாயங்காலம் வரை சந்தோஷமாக இருந்தேன், மறைப்பானேன். ஆனால் அந்த முகம் கறுத்தால் உனக்கு வேலை கிடைக்காது. என் ஆத்திரத்துக்காக உன் வயிற்றில் அடிக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் மதிப்பிற்குரிய ஐயா என்றே போடு. அன்பு கின்பு எதுவும் வேண்டாம். அதற்குக் கீழே எந்தெந்த மெஷினைப் பிரித்துப் பூட்டியிருக்கிறாய் என்று எழுது, வீட்டுக் கதையை எழுதாதே. அப்பா என்று எழுத உனக்கு உள்ளுக்குள் ஆசை இருக்கிறது, அது தெரியாத அளவுக்கு நான் மந்தமில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது நான், ஆசை மட்டும் அங்கே.

மருமகள் சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா பார், அவளை வாளி தூக்க விடாதே. நீயும் அவளும் வரப்போகிற குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். உன் கைவேலைக்கு நிச்சயம் நேரில் கூப்பிடுவார்கள். விண்ணப்பத்தைப் பார்த்ததுமே அந்த ஆளுக்கு நீ யார் என்று தெரிந்துவிடும், உனக்கு அந்தப் பேரை வைத்ததே அவர்தான். ஞாபகம் வைத்துக்கொள், உள்ளே போனதும் நீ முதலில் வாயைத் திறக்காதே. அவர் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கேட்டுவிட்டு வந்து எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா