பின்கேட்டில் ஒட்டிய நோட்டீஸ்

படூர்,
கார்த்திகை கடைசி ஞாயிறு.

அன்பு மகள் அனுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் எங்கள் தினசரிப் பேச்சு. சின்ன வயதில் சதுரங்கப்பட்டினம் கோட்டையில் டச்சுக்காரன் கல்லறைமேல் ஏறி உட்கார்ந்து என்னிடம் அடி வாங்கியவள் நீ, இப்போது அவன் ஊரிலேயே போய்க் குடித்தனம் நடத்துகிறாய். வாரம் இரண்டு தடவை வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான். போன மாத வெள்ளத்தில் நம் அபார்ட்மென்டின் கீழ்த்தளம் மூழ்கி உன் பழைய ஸ்கூட்டர் உட்பட அத்தனை வண்டியும் போனதற்கு, மழை அதிகம், யார் என்ன செய்ய முடியும் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். காரணம் நான்தான்.

ஆடி மாதத்திலிருந்து சொல்கிறேன். பின்கேட் உனக்கு நினைவிருக்கும். அதற்கு அந்தப் பக்கம்தான் ஊர், நம் வீட்டில் பதினோரு வருஷமாக வேலை செய்யும் முனியம்மாவின் தெருவும் அங்கேதான். ஆடியில் கூழ் ஊற்றும் அன்று அம்மன் கரகம் ஏரிக்கரையிலிருந்து பின்கேட் வழியாக வந்து, நம் உள்சாலையில் நடந்து, முன்கேட் வழியாகப் போகும். நம் கட்டடம் வருவதற்கு முன்பே அதுதான் அதன் பாதை. இந்த வருஷம் மூன்றாம் பிளாக்காரர்கள் ஒரே புகார், மேளச் சத்தத்தில் பிள்ளைகள் படிக்க முடியவில்லை, கூழ் குடித்த கப் எல்லாம் தோட்டத்தில், யார் யாரோ உள்ளே வருகிறார்கள், இரண்டு சைக்கிள் காணோம் என்று. செயலாளர் பதவியை வேறு யாரும் வேண்டாம் என்றதால் என் தலையில் கட்டியிருந்தார்கள் இல்லையா, நானும் உட்கார்ந்து அழகான தமிழில், அன்புடையீர் என்று தொடங்கி, பாதுகாப்பு காரணமாகப் பின்கேட் நிரந்தரமாக மூடப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டினேன். கோயில் தர்மகர்த்தா முனிசாமி நாலு பேரோடு வந்து, எங்க தாத்தன் காலத்துலேர்ந்து ஆத்தா போய்க்கினு இருக்கற வயி சார் இது, நீ ஒரு பூட்டப் போட்டுட்டா அவ எந்தப் பக்கம் போவா என்று கேட்டார். மெயின்ரோடு இருக்கிறதே என்றேன். வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவர்கள் கேட் வரைக்கும் வந்து, மூடிய கேட்டுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, கரகத்தோடு வந்த வழியே திரும்பினார்கள். அம்மன் வந்த வழியே திரும்பக் கூடாது என்பார்கள், அது எனக்கு அப்போது தெரியாது. நான் பால்கனியில் காபி குடித்துக்கொண்டே பார்த்தேன். நிர்வாகம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன், அனு. அதை எழுத இப்போது கை கூசுகிறது.

பூட்டியதோடு விட்டேனா, கேட்டுக்குக் கீழே ஒன்றரை அடி இடைவெளி இருந்தது, நாயும் பாம்பும் வருகிறது என்று அதையும் செங்கல் வைத்து சிமென்ட் பூசச் சொன்னேன். ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் வெளியேறும் கால்வாய் அந்த இடைவெளி வழியாகத்தான் போகிறது. வருஷத்தில் ஒன்பது மாதம் காய்ந்து கோரை மண்டிக் கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் கல்பாக்கத்தில் முப்பத்தொரு வருஷம் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று வரைந்து சம்பளம் வாங்கியவன் நான். இன்னொன்று கேள். ஏரியிலிருந்து ஆத்தா நடந்து வருவதும் அந்தக் காய்ந்த கால்வாய் வழியாகத்தான், அதில் முள் இருக்கக் கூடாது என்று கூழ் ஊற்றுவதற்கு முந்தின வாரம் ஊரே சேர்ந்து அதை வெட்டிச் சுத்தம் செய்யும். இந்த வருஷம் ஆத்தா கடந்து போக முடியாத வழியை யார் சுத்தம் செய்வார்கள். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்களே, உன் அப்பா போட்டான், தண்ணீர் போகிற வழியிலேயே. ஐப்பசி மழையில் ஏரி வழிந்ததும் தண்ணீர் நம் கேட்டில் முட்டித் திரும்பி இரண்டு நாள் முனியம்மா தெருவுக்குள் நின்றது. மூன்றாம் நாள் நம் மதில் சரிந்து கீழ்த்தளத்துக்குள் வந்தது. நம்மிடம் வந்த பிறகுதான் நமக்கு அது வெள்ளம்.

தண்ணீர் வடிந்ததும் முனியம்மா வீட்டுக்குப் போனேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. சுவரில் என் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர்க் கோடு, நனைந்த அரிசியை முறத்தில் காயப் போட்டிருந்தாள். தப்பு என்னுடையது முனியம்மா என்றேன். அத்த எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது, உங்க கூட்டத்துல சொல்லு என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கூட்டத்தில் சொன்னால் வண்டி போனவர்கள் எல்லாம் என்னைச் சும்மா விடுவார்களா என்ற பயம், உன் அம்மாவுக்கோ இந்த வயதில் நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டுமா என்ற வருத்தம். போன ஞாயிறு பொதுக்கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். கத்தினார்கள், கத்தட்டும். பெரிய மோட்டார் வைத்து இறைத்துவிடலாம், கேட்டைத் திறக்க வேண்டாம் என்று பாதிப் பேர். நாம் மன்னார்குடியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து குடியேறியவர்கள், கோடையில் லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொள்கிறோம், மழைக்கு மோட்டார் தேடுகிறோம், இங்கே தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று இங்கே பிறந்தவர்களை ஒரு நாளாவது கேட்டோமா என்றேன். கை தூக்கச் சொன்னதில், கேட்டைத் திறக்கும் தீர்மானம் மூன்றே கை வித்தியாசத்தில் நிறைவேறியது. ராஜினாமா கடிதம் நீட்டினேன், முதலில் கேட்டைத் திறந்துவிட்டுப் போங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நேற்று சிமென்டை உடைத்தாயிற்று. நோட்டீஸை நானே கிழித்தேன், பசை பலமாக இருந்ததால் என் கையெழுத்து மட்டும் இன்னும் கேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நீயும் புது ஊரில் வீடு பார்ப்பதாகச் சொன்னாய். தரை, ஜன்னல் எல்லாம் பார், கூடவே அக்கம்பக்கத்துக் கிழவர்களிடம் மழைக்கு இங்கே என்ன ஆகும் என்றும் கேள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. ஆடிக்கு லீவு இப்போதே சொல்லி வை. கரகம் நம் வாசலுக்கு வரும்போது மஞ்சள் தண்ணீர் ஊற்ற மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறாள் உன் அம்மா. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழ அந்த ஆத்தாவையே வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளாத, ஆனால் தூங்க முடியாத அப்பா,
கோபாலகிருஷ்ணன்.

பி.கு.: விடியற்காலையில் எழுதி முடித்துக் கடிதத்தை மடிக்கும்போது ஒன்று நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். இன்று காலை ஆறரைக்கே முனியம்மா வந்துவிட்டாள். ஆடிக்குப் பிறகு நாலு மாதமாக ஏழேகால், ஏழரை என்றுதான் வந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டில் கடிகாரம் இல்லையா என்று அவள் காதுபடவே எத்தனை நாள் கத்தியிருக்கிறேன். பின்கேட் இல்லாமல் மெயின்ரோடு சுற்றி இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். நீதான சார் நோட்டீஸ் ஒட்டுன, உனக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சேன் என்றாள்.