கலியாணப் படத்தில் வெட்டிய பாதி

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு என் படலையைத் திறந்து பார்க்காத அத்தானுக்கு,

மகளின் கலியாணத்துக்கு நெளுக்குளம் ஊர் முழுக்கச் சொன்னீர்களாம். அவளுடைய அம்மான் எனக்கு மட்டும் சொல்லவில்லை. போகட்டும். நான் அவளுக்கு என் கையாலேயே ஒரு பரிசு செய்திருக்கிறேன். அக்கா என்னிடம் தந்த உங்கள் கலியாணப் படத்தில் அக்காவை மட்டும் சவர அலகால் வெட்டியெடுத்து, கோதம்பமாப் பசையால் அட்டையில் ஒட்டி, முதிரை மரச் சட்டம் போட்டேன். பக்கத்தில் உங்களுக்குப் பதிலாக நான் சைக்கிளோடு நிற்கிறேன். என் தலை அக்காவின் தலையைவிட இரண்டு மடங்கு பெரிது. என் மதிப்புக்கு அது சரிதான்.

சட்டத்துக்குக் கண்ணாடி போட்டுத் தந்த வவுனியாப் படக்காரன், "அண்ணை, இப்பிடி ஒரு வேலை கொழும்பிலையும் இல்லை" என்று அழுதேவிட்டான். ஒரு வெள்ளைக்காரத் துரை காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்.

"அம்மாவின்ரை வேறை படம் இல்லை மாமா, அதைத் தாங்கோ" என்று மகள் ஆள் விட்டிருந்தாள். தருவேன். ஆனால் பந்தலில், சபை பார்க்க, என் கையால்தான் தருவேன். வேண்டாமென்றால் படமும் இல்லை.

உங்கள் பாதியை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அடுப்பில் போடத்தான் எடுத்தேன். உங்கள் தோளில் அக்காவின் கை இருக்கிறது. எவ்வளவு பார்த்து வெட்டியும் அது உங்களோடுதான் வந்தது.

இப்படிக்கு,
உங்கள் மகளின் ஒரே அம்மான்