ஆற்றுக் கெண்டைக்கு ஒரு சிரிப்பு

மாத்தூர்,
ஜூன் 2002

கார்குழலியின் அம்மாவுக்கு,

நீ கல்மண்டபத்தில் உன் தம்பி வீட்டுக்குப் போனதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மீன் பண்ணையில் மறுபடியும் கெண்டைக் குஞ்சுகள் கோணல் முதுகோடு பொரித்திருக்கின்றன. வருஷக்கணக்காக ஒரே குளத்து மீன்களையே ஒன்றோடொன்று இனம் சேர்த்ததால் இருக்கலாம் என்று சொல்லி, ஆற்றிலிருந்து ஆண் கெண்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன்.

அங்கே வந்திருந்த உன் தம்பி, "இன்னா மாமா, மீனுக்கே அசலூர் மாப்ளையா? எம் புள்ள விமலு கீறான்ல, கார்குழலிக்கு அந்தப் பேஜாரே இல்ல!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தட்டு மாற்றலாம் என்று சொல்லிப் போய்விட்டான்.

விமல் நல்ல பையன். குறை அவனிடம் இல்லை.

நீயும் எனக்கு மாமன் மகள்தான். கார்குழலிக்கு முன்னால் பிறந்து தங்காத இரண்டு பிள்ளைகளைப் பற்றி நாம் பேசுவதேயில்லை. சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

தட்டு மாற்ற வேண்டாம். வியாழக்கிழமை நானே வந்து உன் தம்பியிடம் சொல்கிறேன். பாதி வழியில் பயந்து திரும்பிவிடாமல் இருக்கத்தான் இதை முதலில் தபாலில் போடுகிறேன்.

இப்படிக்கு,
அவள் அப்பா