பட்டை லாரிக்கு மட்டும் திறக்கும் கேட்

அனுப்புநர்:
வடிவு, வயது 31,
நாச்சிமுத்து மனைவி,
கருங்காவரை கிராமம், பூண்டி வழி,
கொடைக்கானல் தாலுகா, மதுரை ஜில்லா.

பெறுநர்:
ஜில்லா கலெக்டர் அவர்கள்,
மதுரை.

பொருள்: பிரசவ வேதனையில் இருந்த பெண்ணைக் காட்டுச் சாலைக் கேட்டில் ஐந்து மணி நேரம் தடுத்து நிறுத்தியது – அதன்பின் எங்கள் ஊர் ஆண்கள் மீதே வழக்குப் போட்டது – நேரில் விசாரித்து நியாயம் செய்யக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவை என் கையாலேயே எழுதுகிறேன். பாச்சலூரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து, இந்த மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். முதலில் கொடைக்கானலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் போனேன். நான் சொன்னதில் பாதியை அவர் எழுத மறுத்துவிட்டார். "இதையெல்லாம் எழுதுனா ஒன்னயவே உள்ள தூக்கி வச்சிருவாங்கம்மா" என்றார். ஆகவே எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இல்லை.

2. எங்கள் ஊரில் நாற்பத்திரண்டு வீடுகள். வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைக்கிறோம். பூண்டிக்குப் போகப் புல்வெளி வழியே ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. ஒன்றரை மணி நேர நடை. பத்து வருஷத்துக்கு முன் அந்தப் புல்வெளி முழுவதும் வாட்டில் என்கிற சீமைச் சவுக்கு நட்டு முள்கம்பி கட்டினார்கள். தோல் பதனிட அதன் பட்டை கீழ்நாட்டுக்குப் போகிறது. எங்கள் பாதை மரத்துக்குள் போய்விட்டது.

3. பட்டை ஏற்றிப் போக மூன்று வருஷத்துக்கு முன் லாரிச் சாலை வெட்டினார்கள். அப்போது ஓர் அதிகாரி எங்கள் ஊர் மந்தைக்கே வந்து, "ரோடு வந்தா ஒங்களுக்குந்தான் வசதி, ஒத்தாசையா இருங்க" என்று கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு ஒருவர் போய்க் கல் சுமந்தோம். நானும் சுமந்தேன். என் நாத்தனார் கண்மணி அப்போது கல்யாணமாகாத பெண், அவளும் சுமந்தாள். சாலை முடிந்த மறுவாரமே குறுக்கே கேட் போட்டு, சங்கிலி கட்டிப் பூட்டிவிட்டார்கள். கேட்டதற்கு, பட்டை திருட்டுப் போகாமல் இருக்க என்றார்கள்.

4. கண்மணியை உள்ளூரிலேயே நல்லசாமி என்பவருக்குக் கட்டிக்கொடுத்தோம். அவளுக்கு இது தலைப்பிரசவம். சென்ற நவம்பர் ஐந்தாம் தேதி மதியம் வலி கண்டது. மறுநாள் விடிந்தும் பிள்ளை இறங்கவில்லை. ஊரில் பாதிப் பேரைப் பிறப்பித்த பிச்சையம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ள குறுக்க கெடக்கு. இது என்னால ஆகாது. வெரசா ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக் கம்பளியைக் கழியில் கட்டி அதில் அவளைப் படுக்க வைத்து, என் கணவர், நல்லசாமி, இன்னும் மூன்று ஆண்கள், நான் ஆகிய ஆறு பேரும் மழையிலேயே புறப்பட்டோம்.

5. காலை ஒன்பது மணிக்குக் கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். பட்டை ஏற்றிய லாரி ஒன்று அங்கே புறப்படத் தயாராக நின்றது. அதன் டிரைவர் சின்னக்கருப்பன், நாங்கள் கேட்பதற்கு முன்பே கீழே குதித்து, பட்டைக் கட்டுகளை ஒதுக்கி அவளுக்கு இடம் செய்தார். ஆனால் கேட் காவலர் ஞானவேல் பூட்டைத் திறக்கவில்லை. "பாஸு பட்டைக்குத்தான். ஆள ஏத்தி விட்டா எனக்கு வேல போயிரும். ரேஞ்சர் ஐயாகிட்ட சீட்டு வாங்கியாங்க" என்றார். கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஏற்றிக்கொள்கிறோம் என்று கேட்டதற்கும் லாரியை விட மறுத்துவிட்டார். நடந்தே போகலாமே என்று தாங்கள் கேட்கலாம். சாலை வழியே பூண்டிக்கு மூன்று மணி நேரம். அங்கிருந்து பஸ் மறுநாள் காலையில்தான். அந்த லாரியை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

6. ரேஞ்சர் தங்கியிருந்த பங்களா ஆறு மைல் ஏற்றம். நல்லசாமி ஓடினார். ரேஞ்சர் பட்டைக் காண்டிராக்டரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். நல்லசாமியை வராந்தாவில் நிற்க வைத்து, சாப்பாட்டை முடித்து, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வந்து, "வலின்னா மருத்துவச்சியக் கூப்பிடுங்கப்பா. சீட்டு வேணும்னா நாளைக்கு ஆபீஸ்ல எழுதிக் கொடு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நல்லசாமி திரும்பி வந்தபோது மணி இரண்டு.

அந்த ஐந்து மணி நேரமும் கண்மணி லாரிப் படுதாவுக்குக் கீழே கிடந்தாள்; சின்னக்கருப்பனும் வண்டியோடு காத்திருந்தார். "அண்ணி, தெறக்கச் சொல்லுங்க அண்ணி" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அவள் கதறுவது காதில் விழாமல் இருக்கக் காவலர் தம் குடிசைக் கதவைச் சாத்திக்கொண்டார். அவரை இரக்கமில்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். இரக்கம் இருந்ததால்தான் சாத்திக்கொண்டார். சாவியும் அவரோடு உள்ளே இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

7. இனி வருவதுதான் மனு எழுதுபவர் எழுத மறுத்தது. பூட்டை உடைத்தது நான். சர்க்கார் பூட்டாயிற்றே என்று ஆண்கள் ஐந்து பேரும் தயங்கி நின்றார்கள். லாரியில் கிடந்த கடப்பாரையை எடுத்து நான் அடித்தேன். நாலாவது அடியில் பூட்டு விட்டுப்போயிற்று. யாரும் யாரையும் மிரட்டவில்லை. காவலர் வெளியே வந்து பார்த்தார். எங்களைத் தடுக்கவில்லை. சின்னக்கருப்பன் வண்டியை எடுத்தார்.

8. பொழுது சாயக் கொடைக்கானல் ஆஸ்பத்திரி சேர்ந்தோம். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. குறையில்லாத வளர்த்தி, தலை நிறைய முடி. உயிர் இல்லை. "ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள். கண்மணி பிழைத்துக்கொண்டாள். இனி அவளுக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

9. நவம்பர் 28ஆம் தேதி எங்கள் ஊருக்குக் கோர்ட்டுக் காகிதம் வந்தது. ஐந்து ஆண்கள் கூட்டமாக வந்து, காவலரை மிரட்டி, சர்க்கார் பூட்டை உடைத்தார்கள் என்று வழக்கு. இம்மாதம் 20ஆம் தேதி ஆஜராக வேண்டும். சின்னக்கருப்பனைக் காண்டிராக்டர் வேலையை விட்டு நீக்கிவிட்டார். அந்தக் காகிதம் முழுவதையும் நான் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். கண்மணி என்ற பெயர் அதில் இல்லை. கர்ப்பிணி என்ற வார்த்தை இல்லை. கைப்பற்றிய பொருள்கள் என்ற இடத்தில் மட்டும், "கடப்பாரை ஒன்று, இரத்தக் கறை படிந்த கம்பளி ஒன்று" என்று எழுதியிருக்கிறது. யாருடைய இரத்தம் என்று எழுதவில்லை. படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், ஐயா? எவரையோ வெட்டிவிட்டு வந்தோம் என்றுதானே நினைப்பார்கள்?

என் பெயரும் அதில் இல்லை. காவலரிடமே போய்க் கேட்டேன். "பொம்பள ஒடச்சான்னு எழுதுனா என் மானம் என்னம்மா ஆகுறது?" என்றார். அவர் மானத்துக்காக என் கணவர் ஜெயிலுக்குப் போக வேண்டுமா?

10. ஆகையால் தாங்கள் செய்ய வேண்டியதாக நான் கேட்பது: ஆண்கள் ஐவர் மீதுள்ள வழக்கை நீக்க ஏற்பாடு செய்து, வழக்கு நடந்தே தீரவேண்டுமானால் என் ஒருத்தி மீது நடத்தச் சொல்ல வேண்டும். நான் எதையும் மறுக்க மாட்டேன். அன்றைக்கு ரேஞ்சர் ஏன் சீட்டுத் தரவில்லை என்று அவரிடம் எழுத்து மூலம் பதில் வாங்கி, அதைக் கண்மணிக்குப் படித்துக் காட்ட வேண்டும். சின்னக்கருப்பனுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். கேட்டின் சாவி ஒன்று எங்கள் ஊரில் இருக்க வேண்டும்.

இதில் கடைசியாகச் சொன்னது அவசரம். இப்போது கேட்டில் புதுச் சங்கிலி போட்டிருக்கிறார்கள், பழையதைவிடக் கனம். எங்கள் தெருவில் அன்னக்கொடி என்ற பெண்ணுக்குத் தை மாதம் பேறுகாலம். தை பிறப்பதற்குள் தாங்கள் உத்தரவு போட்டுத் திறக்கச் செய்ய வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உத்தரவு வராவிட்டால் அன்றைக்கும் நானே திறப்பேன். பிறகு யாரும் ஆள் தெரியாமல் எழுத வேண்டாம் என்பதற்காக, அதையும் முன்கூட்டியே தங்களுக்குத் தெரியப்படுத்திக்கொள்கிறேன்.

இடம்: கருங்காவரை
நாள்: 9–12–1963

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
நா. வடிவு

மேலே கண்டவை யாவும் படித்துக் காட்டக் கேட்டு, உண்மை என்று ஒப்புக்கொண்டு,
கண்மணி – இடது கைப் பெருவிரல் ரேகை