நான்கு நிமிடம் ஆறு விநாடி

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை. குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் சளி என்றேன். சளி இல்லை.

இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சரி விடு, சாப்பிட்டியா?" என்பாய். நானும் விட்டுவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் இங்குள்ள செய்திகள். ஜன்னல் ஓரத்து உன் மேசையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது. இழுப்பறையில் நீ ஒட்டிய சூரியப் படத்தை யாரும் கிழிக்கவில்லை, ஓரங்கள் மட்டும் சுருண்டுவிட்டன. கிரகணத்துக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் உள்ளே வந்தால் ஆய்வுக்கூடமே இருண்டுபோகிறது என்று நம் பேராசிரியருக்கு அந்தப் பெயரை வைத்தவள் நீதான். நாங்கள் இன்னும் அதை மாற்றவில்லை. இப்போது அவர் திரையில் எழுத்துகளைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கிப் படிக்கிறார். அவருக்கு வரும் கடிதங்களை நடைபாதையில் போகிறவர்களெல்லாம் படிக்கலாம். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்.

என் அப்பா கைத்தடி இல்லாமல் நடக்கிறார். உன்னை விசாரித்தார்.

நிரந்தர வேலைக்கான நேர்காணல் வருகிற புதன்கிழமை. மூன்று பேரை அழைத்திருக்கிறார்கள். "உனக்குத்தாம்மா, எழுதி வெச்சுக்கோ" என்று கேன்டீன்காரர் வரைக்கும் சொல்கிறார்.

அடுத்தது, உன் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீ கேட்ட உதாரணம். இப்படிச் சொல்லிப் பார். சூரியனில் ஒரு வெடிப்பு. அதை இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஒருவர், சூரியனுக்கும் நமக்கும் நடுவில் பாதி வழியில் இருக்கும் விண்கலம். மற்றவர், பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் தொலைநோக்கி. வெளிச்சம் விண்கலத்தை முதலில் தொடும். நம்மிடம் வந்து சேர இன்னும் நான்கு நிமிடம் ஆகும். ஆகவே இருவர் எழுதிவைத்த நேரங்களையும் ஒப்பிடும் முன், விண்கலத்தின் நேரத்தோடு அந்த நான்கு நிமிடத்தைக் கூட்ட வேண்டும். ஒரு முறை.

இதை உனக்கு விளக்குவது அபத்தம்தான். இந்த நான்கு நிமிடம் உன்னிடமிருந்து என்னென்ன கொண்டுபோனது என்று எனக்குத் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன் உன் கட்டுரை வெளிவந்தது. தொலைநோக்கி பார்த்த புற ஊதா ஒளி முதலில், விண்கலம் பார்த்த எக்ஸ் கதிர் நான்கு நிமிடம் கழித்து. இரண்டும் சேர்ந்தே வரும் என்று நம்பியிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து உனக்கு வேலைக்கு அழைப்பு வந்தது. ஐந்து வாரம்தான் அதெல்லாம். பிறகு வேறொரு குழுவிடமிருந்து ஒரே பத்தியில் ஒரு மின்னஞ்சல்: உங்கள் தாமதம், ஒளியின் பயண நேர வித்தியாசத்துக்கு அப்படியே சமமாக இருக்கிறதே, இரண்டு முறை கூட்டிவிட்டீர்களா?

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் கிரகணம் மேசையைப் பார்த்தபடி, "யாரும்மா ரெண்டு தடவை கூட்டினது?" என்று கேட்டார். "நான்தான் சார், கவனிக்கல" என்றாய். யோசிக்கவே இல்லை நீ. பதிலைக் கையிலேயே வைத்திருந்தவள் போலச் சொன்னாய். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வேலை அழைப்பும் போயிற்று. கொஞ்ச நாளில் நீயும் பள்ளி வேலைக்குப் போய்விட்டாய். கேன்டீனில் டீ தாமதமானால், "டீ எப்பவோ வந்தாச்சுடா, அக்கா கணக்குலதான் நாலு நிமிஷம் கழிச்சு" என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன் அக்கா. ஒரு முறை இல்லை.

இப்போது விஷயம்.

போன வியாழன் காலை, புதிய வெடிப்பு ஒன்றைப் பழையதோடு ஒப்பிட வேண்டியிருந்தது. உன்னுடைய அந்த வெடிப்பின் தரவை விண்கலத்தின் காப்பகத்திலிருந்து புதிதாக இறக்கினேன். நம் ஆய்வுக்கூடத்துக் கோப்பும் இருக்கிறதே என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லா எண்களும் ஒன்று. நேரம் மட்டும் வேறு. நம் கோப்பில் ஒவ்வொரு வரியிலும் நான்கு நிமிடம் ஆறு விநாடி அதிகம்.

கோப்பைக் கடைசியாக மாற்றியவர் பெயர் இருந்தது. என் பெயர். நான் சேர்ந்து ஏழாவது மாதம்.

நினைவு மெதுவாகத்தான் வந்தது. நீ இறக்கி வைக்கச் சொன்னாய். நான் இறக்கி, உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று, நேரத்தையும் கூட்டி, அதே பெயரில் சேமித்தேன். சொல்ல மறந்தேன். நீ, செய்ய வேண்டிய முறைப்படி, மறுபடி கூட்டினாய். முதல் வாரமே திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்துவிட்டு, புது வால்மீன் என்று மாடிப்படி முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியவள் நான். உணர்கருவியில் ஏதோ ஒரு துகள் மோதிய தடம் அது. அன்றிலிருந்து உனக்கு நான் புள்ளி. அப்படிப்பட்டவளிடம் யாராவது தரவைக் கொடுப்பார்களா?

உன் நிரலைத் திறந்தேன். நேரத்தைக் கூட்டும் வரிக்கு மேல் ஒரு குறிப்பு. கணினி தாண்டிப் போய்விடும் வரி, மனிதர்கள் படிப்பதற்கென்றே எழுதுவது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாய்:

புள்ளி முன்னாடியே கூட்டிட்டா. என்னோட போகட்டும்.

தேதி, கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு. சனிக்கிழமை.

எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து பார்த்தேன். வரி அங்கேயேதான் இருந்தது.

அந்தக் கூட்டம் நடந்த மாதம்தான் என் முதல் வருட மதிப்பீடு. ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வாங்கியிருந்தேன், அப்பா மருத்துவமனையில். இன்னொரு தவறு என்றால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நீ கணக்குப் போட்டிருக்கிறாய். இவள் தாங்க மாட்டாள், நான் தாங்குவேன் என்று. நீ போட்ட கணக்கிலேயே தப்பானது அது ஒன்றுதான்.

எனக்கு அப்போதே தெரியுமா என்று ஒரு வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியாது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒருமுறைகூட அந்தக் கோப்பை நான் திறக்கவில்லை என்பதும் உண்மை. ஏன் திறக்கவில்லை?

போன மாதம் வந்த ஓர் ஆய்வு நூலில் உன் பெயர் ஓர் அடிக்குறிப்பில் இருக்கிறது, நேரத்தை இருமுறை திருத்தக் கூடாது என்பதற்கு உதாரணமாக. அந்த இடத்தில் என் பெயர் இருக்க வேண்டும். உன் கட்டுரை வந்த இதழுக்கு மூன்று வரி எழுதி வைத்திருக்கிறேன். தரவுக் கோப்பு ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது, மாற்றியவள் நான், கட்டுரையாசிரியருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. அவ்வளவுதான். இன்று கிரகணத்திடமும் சொல்லப் போகிறேன்.

புதன்கிழமை முடியட்டும் என்பாய். "வேலையில சேரு முதல்ல, அப்புறம் வீரம் பேசலாம்" என்பாய். உன் குரலிலேயே கேட்கிறது. ஆனால் புதன்கிழமை முடிந்தால் நிரந்தரம் ஆகும் வரைக்கும் என்று தோன்றும். அப்புறம் கிரகணம் ஓய்வு பெறட்டும் என்று தோன்றும். என்னை எனக்குத் தெரியும்.

திரும்பி வா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. உன் பிள்ளைகள் உன்னை விட மாட்டார்கள் என்பதும் தெரியும். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இங்கிருந்து யாராவது கூப்பிட்டால் எடு. எடுத்தால், நான்தான் செய்தேன் என்று மறுபடி சொல்லிவிடாதே. அதை இந்த முறை நான் சொல்லிக்கொள்கிறேன்.

வெயிலில் பிள்ளைகளோடு வெளியே நிற்கும்போது தொப்பி போட்டுக்கொள். நன்றாக இரு அக்கா.

என்றும் உன்,
புள்ளி

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்துவிட்டுக் கிரகணத்தின் அறைக்குப் போனேன். சொன்னேன். உன் குறிப்பைத் திரையில் பெரிதாக்கி, உதடு அசைய இரண்டு முறை படித்தார். புதன்கிழமையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். பிறகு, "ஆறு வருஷமா அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒரு வார்த்தை பேசலையேம்மா" என்று சொல்லி, உன் நம்பர் கேட்டார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மூன்று வரியையும் இதழுக்கு அனுப்பிவிட்டேன். இதை ஒட்டித் தபாலில் போடக் கிளம்புகிறேன்.