வாண்டு பிறந்த கதை

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மாவின் முழங்காலையும் என் வாயையும் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரியும், தெரிந்தால் உன்னைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே தங்கிவிடும். அதனால் கடைக்குப் பின்னால் செருப்புப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதிக் கூரியரில் போடுகிறேன். என்னாலதாம்ப்பா என் பிள்ளை இப்படி ஆயிட்டா, வேலையை விட்டுட்டு வந்துடுறேன் என்று ஞாயிற்றுக்கிழமை அழுதாயே, ஒரு வாரம் பொறு என்று நான் சொன்னது இந்தக் கடிதத்துக்காகத்தான். இதை முழுசாகப் படிக்காமல் ராஜினாமா எழுதாதே.

நீ எங்களிடம் விட்டுப்போன வாண்டுக்கு மூன்று வயசாகியும் பேச்சு வரவில்லையே என்று குழந்தை வளர்ச்சி பார்க்கிற இடத்துக்குக் கூட்டிப்போனது உனக்குத் தெரியும், ஆனால் உன் அம்மா சொல்லித்தானே தெரியும், அவள் தந்தி அடிக்கிற மாதிரி நாலு வார்த்தையில் சொல்லியிருப்பாள். அங்கே மூன்று பேர். டாக்டர் உடம்பைப் பார்த்தார், எடை, தலைச்சுற்றளவு, காது கேட்கிறதா, கை கால் எப்படி மடங்குகிறது எல்லாம். ஒரு சின்னப் பெண் பாயில் உட்கார்ந்து வாண்டோடு பொம்மை விளையாடிக்கொண்டே அவள் மனசைப் பார்த்தாள். மூன்றாவது ஒரு கண்ணாடிக்கார அம்மா, நம் வீட்டுக்கு வராமலே நம் வீட்டைப் பார்த்தாள். யார் ஊட்டுவது, யார் பக்கத்தில் படுப்பது, டிவி எத்தனை மணி நேரம் ஓடும், நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுவீங்களா என்று வரிசையாகக் கேட்டாள். சண்டை போடணும்னா நான் வாயைத் திறக்கணும், இவர் எங்க விடுறார் என்றாள் உன் அம்மா. அதையும் எழுதிக்கொண்டாள் மகராசி. நான் இதைப் பள்ளிக்கூடப் பரீட்சை என்று நினைத்துப் பத்து நாளாக வாண்டுக்குக் கட்டை அடுக்கப் பயிற்சி கொடுத்திருந்தேன், ஏழு கட்டை அடுக்கினாள், எல்லாம் இடது கையால். அந்தப் பெண் விளையாட்டாக இடது கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கட்டையை நீட்டினாள். வாண்டு வலது கையை நீட்டவில்லை, குனிந்து வாயால் கவ்வினாள். பார்த்தீங்களா, தாத்தா மாதிரி வாயாலேயே பிழைச்சுக்குவா என்று நான் சிரித்தேன். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் டாக்டர் பிரசவத்தைப் பற்றிக் கேட்டார், பிறந்தவுடன் அழுதாளா என்று. என்னிடம் போய் இந்தக் கேள்வி! கடைக்கு வருகிறவர்களுக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டே மூன்று வருஷமாக நான் சொல்லுகிற கதையாயிற்றே. அழுதாளாவா டாக்டர், அவ அழுத அழுகையில கீழ தூங்கிட்டிருந்த வாட்ச்மேன் தீப்பிடிச்சிருச்சுன்னு மணி அடிச்சுட்டான் என்றேன். அவரும் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். மூன்று பேரும் கூடிப் பேசினார்கள், கடைசியில் வந்து, காது நல்லா கேக்குது, பிரசவத்திலயும் சிக்கல் இல்லை, ஒரு வயசுல அம்மாவைப் பிரிஞ்சது பாதிச்சிருக்கலாம், முதல்ல அம்மா பக்கத்துல இருக்கட்டும், கை இறுக்கத்தை ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம் என்றார்கள். உன் அம்மா அதை உனக்குச் சொன்னாள், உன் மாமியார் பிள்ளையை விட்டுட்டுப் போகாதேன்னு நான் அன்னைக்கே சொன்னேனே என்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள், நீ அழுதாய். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாடி, அவள் அழவில்லை. உன்னை மயக்கத்தில் வைத்திருந்தார்கள், உன் அம்மா வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தாள், கதவுக்கு வெளியே நான் ஒருத்தன்தான். உள்ளே ஓடுகிற சத்தம் கேட்டது, ஏதோ எடுத்துவா என்று கத்துகிற சத்தம் கேட்டது, குழந்தைச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏழு நிமிஷம். அப்புறம்தான் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். இரண்டு நாள் தனியாக வைத்திருந்தார்களே, மஞ்சள் காமாலைக்கு என்று உன்னிடம் சொன்னேனே, அது இதற்குத்தான். நீ கண் விழித்ததும் அழுதாளாப்பா என்று கேட்டாய். உதடெல்லாம் வெளுத்துக் கிடந்தாய், வாட்ச்மேன் கதையை அந்த நிமிஷத்தில்தான் கட்டினேன். நீ சிரித்தாய். வீட்டுக்கு வந்ததும் டிஸ்சார்ஜ் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். சொல்லச் சொல்ல அந்தக் கதை எனக்கே நிஜமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை வாண்டுக்கு நாலாவது ஜோடி ஷூ எடுத்தேன், முந்தின மூன்றிலும் வலது ஷூவின் முன் நுனி மட்டும் தேய்ந்து ஓட்டையாகியிருக்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது காலைப் பிடித்துப் பார்க்கிறவன் நான், அந்தக் கால் விரலை ஊன்றித்தான் நடக்கிறது என்று முதல் ஜோடியிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் புது ஜோடி மாற்றிக்கொண்டே வந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையே அரை நாள் லீவு போட்டு வளர்ச்சி பார்க்கிற இடத்துக்குப் போனேன், தனியாக. டாக்டர் நாற்காலியைக் காட்டினார், நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்க சொன்னதை நம்பித்தான் நாங்க வேற பக்கம் போயிட்டோம் என்றார், அவ்வளவுதான். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பிறந்ததும் மூச்சு விடாததில் மூளையில் ஏதாவது ஆகியிருக்கிறதா என்று படம் எடுக்க வேண்டும், கைக்கும் காலுக்கும் பயிற்சி, பேச்சுக்குத் தனிப் பயிற்சி, எல்லாம் அடுத்த வாரமே தொடங்குகிறது. சரியாயிடுமா என்று கேட்டேன். நிறைய முன்னேறுவா, முழுசான்னு சொல்ல மாட்டேன், முதல் வருஷத்துலயே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் என்றார். கண்ணாடிக்கார அம்மாவிடம், என் மகள் போனதுதான் காரணமா, அதை மட்டும் சொல்லுங்க என்றேன். குழந்தைக்கு அம்மா ஏக்கம் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன், ஆனா கையும் காலும் அதனால இப்படி ஆகலை என்றாள். அந்த வரியைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன், உன் மாமியாருக்குக் காட்ட. உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை, தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். நானும் இரண்டு நாளாக வீட்டில் பேசுவதில்லை, வாண்டு வந்து வந்து என் வாயைத் தொட்டுப் பார்க்கிறாள்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பிரசவம் நடந்த இடத்தில் பழைய பதிவைத் தாயின் கையெழுத்து இல்லாமல் தரமாட்டார்களாம், பெருக்கல் குறி போட்ட இரண்டு இடத்திலும் போட்டு உடனே திருப்பி அனுப்பு. எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் அது வந்தாக வேண்டும். வேலையை விடுவதும் விடாததும் நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். பிள்ளையைப் பார்க்க ஆசையாக இருந்தால் நாளைக்கே வா கண்ணு, தப்புச் செய்தவளாக மட்டும் வராதே, அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். கையெழுத்து இரண்டு இடத்தில், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன
உன் அப்பா